ஃபார்மேட் வேண்டாம், ஒரு எண்ணை மாற்றிப் பாருங்கள்

கேள்வி: ஐயா, அரியலூரில் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக் டிசைன் செய்யும் சின்ன டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். 2012-ல் வாங்கிய கம்ப்யூட்டர், விண்டோஸ் 7. பேஜ்மேக்கரும் பழைய தமிழ் ஃபான்ட்களும் அதில்தான் இருக்கின்றன. இடி மின்னலோடு மழை பெய்த ஒரு ராத்திரியில் மதர்போர்டு போய்விட்டது. மெக்கானிக் செகண்ட் ஹேண்ட் போர்டு ஒன்று போட்டுக் கொடுத்தார். ஹார்ட் டிஸ்க் பழையதுதான். இப்போது ஆன் செய்தால் விண்டோஸ் லோகோ வருகிறது, ஒரு நீலத் திரை மின்னி மறைகிறது, மறுபடி ரீஸ்டார்ட் ஆகிறது. சேஃப் மோடிலும் அதே கதைதான். “ஃபார்மேட் பண்ணிப் புதுசா விண்டோஸ் போட்டுடலாம்” என்கிறார் மெக்கானிக். பெரம்பலூரில் இன்னொருவர், “விண்டோஸ் ஓடாட்டியும் பரவாயில்லை, வெளியிலிருந்தே ரிஜிஸ்ட்ரியில் ஒரு இடத்தை மாத்தினா போதும்” என்கிறார். ஓடாத விண்டோஸின் ரிஜிஸ்ட்ரியை எப்படித் திறப்பது? முகூர்த்த நாட்கள் நெருங்குகின்றன, ஆர்டர் கையில் இருக்கிறது. நல்ல வழி சொல்லுங்கள்.

டி.டி.பி. கடைக்காரர், அரியலூர்

பதில்: பெரம்பலூர்க்காரர் சொன்னது சரி. உங்கள் மெக்கானிக் சொன்னதும் பொய்யில்லை, ஃபார்மேட் செய்தால் கம்ப்யூட்டர் ஓடும். ஆனால் கடை ஓடாது. பேஜ்மேக்கரை மறுபடி ஏற்ற வேண்டும், ஃபான்ட்களைத் தேட வேண்டும், கீபோர்டு சாஃப்ட்வேரின் சி.டி. எந்தப் பெட்டியில் கிடக்கிறதோ தெரியாது. பழைய டிசைன்களில் பாதி திறந்ததும் கட்டம் கட்டமாகத் தெரியும். யூனிகோடுக்கு முந்தைய ஃபான்ட்களில் செய்த வேலைக்கு அந்தந்த ஃபான்ட் இருந்தாக வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழக அரசு 1999-ல் டாம், டாப் என்று தரம் வகுத்து, 2010-ல் யூனிகோடுக்கு மாறிவிட்டது. அச்சகங்களும் டி.டி.பி. கடைகளும் இன்னும் பெரும்பாலும் பழைய எழுத்துருக்களில்தான் பிழைக்கின்றன.

முதலில் உங்கள் டிஸ்க்கில் என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்போம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அநேகமாக ஒன்றுமே கெட்டுப்போகவில்லை. ஆன் செய்ததும் எஃப்8 கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். வரும் பட்டியலில், தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தும் வரி ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் நீலத் திரை மறையாமல் நிற்கும். கீழே ‘ஸ்டாப்’ என்ற சொல்லை அடுத்து நீளமான எண் ஒன்று வரும். அது 7பி என்று முடிந்தால் மேற்கொண்டு படியுங்கள். வேறு எண்ணாக இருந்தால் நோயும் வேறு, இந்த வைத்தியம் அதற்குச் சரிவராது.

7பி என்றால், விண்டோஸ் எந்த டிஸ்க்கிலிருந்து எழுந்ததோ அந்த டிஸ்க்கையே அதனால் பார்க்க முடியவில்லை என்று அர்த்தம். கேட்க விநோதமாக இருக்கும். லோகோ அந்த டிஸ்க்கிலிருந்துதானே வந்தது? அங்கேதான் விஷயம் இருக்கிறது. விண்டோஸை எழுப்பிவிடும் சிறிய நிரல், டிஸ்க்கைப் படிக்க மதர்போர்டின் பயாஸ் உதவியைப் பெறுகிறது. கெர்னலையும் தேவையான டிரைவர்களையும் மெமரியில் ஏற்றிவிட்டு அது ஒதுங்கிக்கொள்கிறது. அதன் பிறகு கெர்னல் தன் சொந்த டிரைவர் மூலம்தான் டிஸ்க்கைத் தொட வேண்டும். எந்தெந்த டிரைவர்களை முதலிலேயே ஏற்ற வேண்டும் என்ற பட்டியல் ரிஜிஸ்ட்ரியில் இருக்கிறது. 2012-ல் உங்கள் பழைய போர்டில் சாட்டா இணைப்பு ஐ.டி.இ. என்ற பழைய முறையில் வைக்கப்பட்டிருந்திருக்கும். அந்தக் காலத்துப் பல போர்டுகள் கடையிலிருந்து வரும்போதே அப்படித்தான் வந்தன. விண்டோஸ் நிறுவப்பட்டபோது ஐ.டி.இ. டிரைவரை முதல் வரிசையில் வைத்துவிட்டு, ஏ.ஹெச்.சி.ஐ. என்ற புது முறையின் டிரைவரைத் தேவையில்லை என்று பின்னால் தள்ளிவிட்டது. இப்போது வந்திருக்கும் போர்டு ஏ.ஹெச்.சி.ஐ.யில் பேசுகிறது. அதற்கான டிரைவர் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தும் பட்டியலின் முதல் வரிசையில் இல்லை. சேஃப் மோடும் இதே பட்டியலை வைத்துத்தான் எழுகிறது, அதனால்தான் அங்கும் அதே நீலத் திரை.

அதனால் ரிஜிஸ்ட்ரிக்குப் போவதற்கு முன் பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். டெலீட் கீயோ எஃப்2-வோ அழுத்தி உள்ளே சென்று, சாட்டா மோட் என்ற வரியைத் தேடுங்கள். ஏ.ஹெச்.சி.ஐ. என்று இருக்கும் இடத்தில் ஐ.டி.இ. என்று மாற்ற வழி இருந்தால் மாற்றி, சேமித்து வெளியே வாருங்கள். நூற்றுக்கு எண்பது பேருக்கு என்றெல்லாம் நான் கணக்குச் சொல்ல மாட்டேன், ஆனால் செகண்ட் ஹேண்ட் போர்டு வாங்கியதில் உங்களுக்கு ஒரு லாபம் உண்டு. பழைய போர்டுகளில் இந்த வசதி இருக்கும், இப்போது வரும் புதுப் போர்டுகளில் இருக்காது. அப்படியே விண்டோஸ் எழுந்துவிட்டால் நான் கீழே எழுதுவது எதையும் நீங்கள் செய்ய வேண்டியதில்லை. இதே தொல்லை போர்டு மாற்றாமலும் வரும். போர்டிலுள்ள காசு அளவு பேட்டரி தீர்ந்து, பயாஸ் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பினால், நேற்றுவரை ஓடிய கம்ப்யூட்டர் இன்று நீலத் திரை காட்டும். அதற்கும் பலர் ஃபார்மேட்தான் செய்கிறார்கள், வயிற்றெரிச்சல்.

ஐ.டி.இ. இல்லை என்றால், அல்லது இன்டெல் போர்டு இருந்த இடத்தில் ஏ.எம்.டி. போர்டு வந்து, ஐ.டி.இ.யிலும் 7பி வருகிறது என்றால், ரிஜிஸ்ட்ரியைத் தொட்டே ஆக வேண்டும்.

தொடுவதற்கு முன் டிஸ்க்கை முழுதாக ஒரு இமேஜ் எடுத்துவிடுங்கள். இதில் மட்டும் சோம்பல் வேண்டாம். 2012-ல் வாங்கிய டிஸ்க் அது. சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையில் கடை இருந்தால் கேபினட்டுக்குள் என்ன படிந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். டிஸ்க்கைக் கழற்றி, யூ.எஸ்.பி. கேஸில் போட்டு, வேறு கம்ப்யூட்டரில் இணைத்து, குளோன்ஜில்லா போன்ற இலவசக் கருவியால் இன்னொரு டிஸ்க்கில் அப்படியே பிரதி எடுக்கலாம். அதற்கு வசதியில்லை என்றால் வேலை ஃபைல்களையாவது காப்பி செய்யுங்கள்: பி.எம்.டி. என்றும் பி65 என்றும் முடியும் பேஜ்மேக்கர் ஃபைல்கள், விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டர் முழுவதும். வீட்டில் பிள்ளைகளுக்குப் பள்ளியில் கொடுத்த பழைய அரசு லேப்டாப் சும்மா கிடந்தால் அதுவே போதும். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுத்தார்கள். பாஸ் பக்கம் போய்த் திறந்தால் உங்கள் டிஸ்க்கில் இருக்கும் ஃபைல்கள் தெரியும், காப்பி எடுக்கலாம். பென்டிரைவ் வைரஸ் பயமும் அந்தப் பக்கம் குறைவு. பெரும்பாலான வீடுகளில் அந்த பாஸை ஒருமுறைகூட யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

இனி ரிஜிஸ்ட்ரி. அது ஏதோ விண்டோஸுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் உலவும் சமாச்சாரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது வெறும் சில ஃபைல்கள்தான். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் கான்ஃபிக் என்ற ஃபோல்டரில் சிஸ்டம், சாஃப்ட்வேர், சாம், செக்யூரிட்டி, டிஃபால்ட் என்று பெயருக்குப் பின்னால் புள்ளியோ வாலோ இல்லாத ஐந்து ஃபைல்கள் இருக்கும். இவற்றை ஹைவ் என்பார்கள். ஒவ்வொரு பயனருக்கும் அவரவர் ஃபோல்டரில் தனியாக ஒன்று உண்டு. விண்டோஸ் ஓடும்போது இந்த ஃபைல்களை அது பூட்டி வைத்துக்கொள்ளும், யாரும் நேரடியாகத் தொட முடியாது. ஓடாதபோது அவை சாதாரண ஃபைல்கள், வேறொரு விண்டோஸிலிருந்து திறந்து திருத்தலாம். விண்டோஸ் 95-க்கு முந்தைய காலத்தில் இந்த விவரமெல்லாம் பெரும்பாலும் நோட்பேடில் திறக்கும் ஐ.என்.ஐ. ஃபைல்களில் இருந்தது, டாஸில் உட்கார்ந்தே சரிசெய்துவிடலாம். லினக்ஸில் இன்றும் பெரும்பாலும் அப்படித்தான். விண்டோஸில் இதற்கென்று ரெஜ்எடிட் வேண்டும்.

விண்டோஸ் 7 டி.வி.டி. அல்லது பூட் செய்யும் பென்டிரைவ் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-உடைய பென்டிரைவிலும் முடியும், ஆனால் கூடுமானவரை அதே பதிப்பையே வைத்துக்கொள்வது நல்லது. அதிலிருந்து பூட் செய்து முதல் திரை வந்ததும் ஷிஃப்ட்டோடு எஃப்10 அழுத்தினால் கறுப்புத் திரையில் கமாண்ட் பிராம்ப்ட் திறக்கும். இங்கே டிரைவ் எழுத்துகளை நம்பாதீர்கள். கடையில் சி என்று இருந்தது இங்கே டி ஆகியிருக்கும், ஏனென்றால் விண்டோஸ் 7 தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட 100 எம்.பி. பகுதி சி என்ற எழுத்தை எடுத்துக்கொண்டிருக்கலாம். டி.ஐ.ஆர். கட்டளையைச் சி, டி, இ என்று ஒவ்வொன்றுக்கும் கொடுத்து, எதில் விண்டோஸ், யூசர்ஸ் ஃபோல்டர்கள் இருக்கின்றன என்று கண்ணால் பாருங்கள். கண்டுபிடித்ததும் கான்ஃபிக் ஃபோல்டரில் இருக்கும் சிஸ்டம் ஃபைலை வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ஏதாவது தவறினால் அதைத் திரும்ப வைத்துவிட்டால் பழைய நிலைக்கு வந்துவிடலாம்.

பிறகு ரெஜ்எடிட் என்று தட்டுங்கள், வழக்கமான ரிஜிஸ்ட்ரி ஜன்னல் திறக்கும். பெரும்பாலோர் கோட்டை விடும் இடம் இதுதான். அந்த ஜன்னலில் தெரியும் ரிஜிஸ்ட்ரி உங்களுடையது அல்ல! பென்டிரைவிலிருந்து எக்ஸ் என்ற எழுத்தில் மெமரியில் ஓடிக்கொண்டிருக்கும் தற்காலிக விண்டோஸின் ரிஜிஸ்ட்ரி அது. அதில் மாற்றம் செய்து, திருப்தியாக ரீஸ்டார்ட் செய்து, “நீங்க சொன்னபடியே செஞ்சேன், ஒண்ணும் நடக்கலை” என்பார்கள். மெஷின் அணைந்ததும் அந்த மாற்றமும் போய்விட்டது, நடக்க என்ன இருக்கிறது?

உங்கள் ஹைவ்வை ஏற்ற, இடது பக்கத்தில் ஹெச்கீ லோக்கல் மெஷின் என்பதைக் கிளிக் செய்து நிறுத்துங்கள். அதைத் தேர்ந்தெடுக்காமல் ஃபைல் மெனுவுக்குப் போனால் லோட் ஹைவ் என்ற வரி மங்கலாகவே இருக்கும். லோட் ஹைவ் கொடுத்து, நீங்கள் கண்டுபிடித்த டிரைவின் கான்ஃபிக் ஃபோல்டரில் சிஸ்டம் ஃபைலைக் காட்டுங்கள். ஒரு பெயர் கேட்கும், உங்களுக்குப் புரியும் எந்தப் பெயரையும் கொடுக்கலாம். ‘கடை’ என்று வைத்துக்கொள்வோம், ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். லோக்கல் மெஷினுக்குக் கீழே அந்தப் பெயரில் புதிதாக ஒரு கிளை முளைக்கும். அதுதான் உங்கள் ரிஜிஸ்ட்ரி.

அதை விரித்தால் இணையத்தில் எல்லோரும் சொல்லும் கரன்ட் கண்ட்ரோல் செட் இருக்காது. பதற வேண்டாம். ஓடும் விண்டோஸில் மட்டுமே தெரியும் நிழல் அது. ஓடாத ஹைவ்வில் கண்ட்ரோல் செட் 001, சில சமயம் 002 என்று இருக்கும். எது நடப்பில் உள்ளது என்பது பக்கத்திலேயே இருக்கும் செலக்ட் என்ற கிளையில் தெரியும். அங்கே கரன்ட் என்ற வரியின் மதிப்பு 1 என்றால் 001, 2 என்றால் 002. உங்கள் ஊர்க்காரருக்கு இது புதிதல்ல. 2001-ல் அரியலூர் தனி மாவட்டம், 2002-ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்ப்பு, 2007 நவம்பரில் மீண்டும் தனி மாவட்டம். பழைய லெட்டர்பேடில் எந்த மாவட்டம் அச்சாகியிருந்தாலும், இன்று எது செல்லும் என்று பார்த்துத்தானே விண்ணப்பம் அனுப்புவோம்? இங்கேயும் செல்லுபடியாகும் செட்டைப் பார்த்துத் திருத்துங்கள். செல்லாததைத் திருத்தினால் எந்தப் பலனும் இல்லை.

அந்த செட்டுக்குள் சர்வீசஸ், அதற்குள் எம்.எஸ்.ஏ.ஹெச்.சி.ஐ. (புள்ளிகள் இல்லாமல் ஒரே சொல்லாக இருக்கும்). வலது பக்கத்தில் ஸ்டார்ட் என்ற வரியைத் திறங்கள். அநேகமாக 3 என்று இருக்கும். அதை 0 ஆக்குங்கள். 0 என்றால் விண்டோஸ் எழும்போதே முதலில் ஏற்று என்று பொருள். 3 என்றால் கேட்டால் ஏற்று. 4 என்றால் ஏற்றவே ஏற்றாதே. பயாஸில் ரெய்டு முறை மட்டும் இருக்கும் இன்டெல் போர்டானால் ஐ.ஏ.ஸ்டோர்.வி. என்பதிலும், ஐ.டி.இ.யிலேயே 7பி வந்தவர்கள் பி.சி.ஐ.ஐ.டி.இ. என்பதிலும் இதையே செய்ய வேண்டும். வேறு எதையும் தொடாதீர்கள். உள்ளே போனோமே என்று இன்னும் நாலு இடத்தைத் திருத்திப் பார்க்கும் ஆசை வரும்.

முடித்ததும், நீங்கள் பெயர் வைத்த அந்தக் கிளையின் தலைப்பையே கிளிக் செய்து, ஃபைல் மெனுவில் அன்லோட் ஹைவ் கொடுங்கள். அப்போதுதான் மாற்றம் முழுதாக டிஸ்க்கில் எழுதி முடிக்கப்படும். டிஸ்க்கைக் கழற்றி யூ.எஸ்.பி. வழியாக வேறு கம்ப்யூட்டரில் இணைத்துச் செய்பவர்கள் இதை மறந்து கேபிளைப் பிடுங்கிவிடுகிறார்கள். அப்புறம் உண்மையாகவே ரிஜிஸ்ட்ரி கெட்டுப்போகும்.

ரீஸ்டார்ட் செய்யுங்கள். எழுந்ததும் புது போர்டின் டிரைவர்களைத் தேடிக்கொண்டு ஒன்றிரண்டு முறை தானே ரீஸ்டார்ட் கேட்கும், விடுங்கள். கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த விண்டோஸ் என்றால் போர்டு மாறியதால் அசல் இல்லை என்று அது முறையிடலாம். அந்த வகை லைசென்ஸ் பழைய போர்டோடு போனதுதான், ரிஜிஸ்ட்ரியில் அதற்கு மருந்து கிடையாது.

இதைப் படிக்கும் மற்ற வாசகர்களில் விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். அங்கே ஏ.ஹெச்.சி.ஐ. டிரைவரின் பெயர் ஸ்டோர்.ஏ.ஹெச்.சி.ஐ. அதற்குள் ஸ்டார்ட் ஓவர்ரைடு என்று ஒரு உள்கிளை இருந்தால், அதில் இருக்கும் மதிப்பையும் 0 ஆக்க வேண்டும். அதைவிட எளிய வழி, பி.சி.டி.எடிட் கட்டளையால் சேஃப் மோடில் ஒருமுறை எழச் செய்வது. அந்தப் பதிப்புகளில் பெரும்பாலும் அதுவே டிரைவரைச் சரிசெய்துகொள்ளும். பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கையில் இல்லாமல் ஹைவ்வைத் திறக்கவே முடியாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஒரு தவறான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அங்கே ரிஜிஸ்ட்ரி அல்ல, ஒரு ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு மெஷினாகப் போய், ஓடாத விண்டோஸை வெளியிலிருந்து திறந்துதான் பெரும்பாலும் சரிசெய்தார்கள். பெரிய நிறுவனங்களிலும் பலரை இழுத்தடித்தது அந்த 48 இலக்கச் சாவிதான்.

இன்னொரு எச்சரிக்கை. கான்ஃபிக் ஃபோல்டருக்குள் ரெக்பேக் என்ற ஃபோல்டரில் ஹைவ்களின் பிரதி இருக்கும், அதை எடுத்து மேலே ஒட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பல வீடியோக்கள் சொல்கின்றன. விண்டோஸ் 7-க்கு அது உண்மை. கரண்ட் போய் ஹைவ் நிஜமாகவே சிதைந்தவர்களுக்கு அது உயிர்காக்கும். விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அந்தப் பிரதி எடுக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டது. அங்கே ஃபைல்கள் பெயருக்கு இருக்கும், அளவு 0. அந்த வெற்று ஃபைலை நல்ல ஹைவ் மேல் ஒட்டியவர்கள், அரைகுறையாக இருந்ததை முழுதாக முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒட்டுவதற்கு முன் அளவைப் பாருங்கள்.

கடைசியாக உங்கள் கடை பற்றி ஒரு வார்த்தை. நான் சொன்ன இதே முறையில் வெளியாள் ஒருவர் உங்கள் டிஸ்க்கைத் திறந்தால், விண்டோஸ் பாஸ்வேர்டு ஒரு தடையே அல்ல. லினக்ஸில் ஓடும் சி.ஹெச்.என்.டி.பி.டபிள்யூ. என்ற சிறு கருவி சாம் ஹைவ்வில் இருக்கும் பாஸ்வேர்டையே காலியாக்கிவிடும், அது 1990-களிலிருந்தே கிடைக்கிறது. டி.டி.பி. கடை டிஸ்க்கில் வாடிக்கையாளர்களின் ஆதார், ரேஷன் கார்டு ஸ்கேன்கள் இல்லாமல் இருக்காது. ஃபார்மேட் செய்துவிட்டேன் என்று சொல்லிப் பழைய டிஸ்க்கை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதும், முன்பின் தெரியாதவரிடம் ராத்திரி முழுக்க விட்டுவிட்டு வருவதும் வேண்டாம். இந்த வேலையை உங்கள் மெக்கானிக்கிடமே சொல்லி, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது செய்யச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் எழுந்தபின் அந்த மெஷினை நெட்டில் இணைக்காமல் டிசைன் வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வாட்ஸ்அப்பில் வரும் மேட்டருக்கு வேறு ஒன்றைப் பயன்படுத்துங்கள். 7பி அல்லாத எண் வந்தாலோ, ஸ்டார்ட்டை 0 ஆக்கியும் எழவில்லை என்றாலோ, போர்டின் மேல் அச்சாகியிருக்கும் மாடல் பெயரையும் நீலத் திரை எண்ணை முழுதாகவும் எழுதி அனுப்புங்கள். அதுவரை ஃபார்மேட்டுக்குச் சம்மதிக்காதீர்கள்.